பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த பச்சைப் பை

வாஷிங்டன் மாநிலத்தின் தென்பகுதியில், கொலம்பியா ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மென்பொருள் வேலை, எச்-1பி விசா, கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்கப் பெரியவர், தனி ஆள். ஆறு வருஷப் பழக்கம். இவர் வீட்டிலிருந்து ரசமும் சாதமும் போகும், அங்கிருந்து புல்வெட்டும் மெஷின் வரும். 2023-இல், 87 வயதில் அவர் இறந்துபோனார். அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு சாயங்காலம், "1971-இல் பறக்கிற விமானத்தின் பின்படியில் இறங்கிப் போனது நான்தான்" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் அவருக்குத் தெரியாமல் ஃபோனில் அதைப் பதிவு செய்துவிட்டார். அடுத்த வாரம் பெரியவர் ஒரு பச்சைக் கான்வாஸ் பையைக் கொடுத்து "நீயே வைத்துக்கொள்" என்றாராம். உள்ளே பழைய பாராசூட் துணி, வார்ப்பட்டைகள், ஒரு உறையில் ஆறு 20 டாலர் நோட்டுகள்.

இறுதிச் சடங்குக்குப் பிறகு அரிசோனாவில் இருக்கும் மகன் கூப்பிட்டு, "அப்பா உங்களிடம் ஏதாவது கொடுத்தாரா?" என்று கேட்டிருக்கிறார். இவர் பதற்றத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டார்.

இப்போது கேள்விகள். ஐம்பது வருஷம் தாண்டிய வழக்கு காலாவதி ஆகியிருக்காதா? பை எனக்குத்தானே சொந்தம்? வெகுமதி ஏதாவது உண்டா? எஃப்.பி.ஐ.யிடம் போனால் கிரீன் கார்டு போய்விடுமா? மனைவி எரித்துவிடச் சொல்கிறார், நண்பர் யூடியூபில் போடச் சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது? கடைசி வரியில், கேள்வியாகக்கூட இல்லாமல், "அந்த மகனிடம் பொய் சொன்னது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்கப் போகிறேன். அதற்கு முன்னால், விஷயம் தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1971 நவம்பர் 24, அமெரிக்காவில் நன்றி தெரிவித்தல் நாளுக்கு முந்தின நாள். போர்ட்லாந்து விமான நிலையத்தில், கருப்பு டை கட்டிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர், டேன் கூப்பர் என்ற பெயரில், ரொக்கமாக 20 டாலர் கொடுத்து சியாட்டிலுக்கு டிக்கெட் எடுத்தார். நார்த்வெஸ்ட் ஓரியன்ட் நிறுவனத்தின் 305-ஆம் எண் விமானம், போயிங் 727. மேலே கிளம்பியதும் பணிப்பெண்ணிடம் ஒரு சீட்டை நீட்டினார். ஏதோ ஃபோன் நம்பர் கொடுக்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் அதைப் பிரிக்காமலே வைத்துக்கொள்ள, 'என்னிடம் குண்டு இருக்கிறது, அந்தச் சீட்டைப் பார்' என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு லட்சம் டாலரும் நாலு பாராசூட்டும் கேட்டார். சியாட்டிலில் அவை வந்ததும் பயணிகளை இறக்கிவிட்டு, சிப்பந்திகள் நாலு பேரோடு ராத்திரி 7:40 மணிக்கு மறுபடி பறக்கச் சொன்னார். மெக்சிகோ போக வேண்டும், வழியில் ரீனோவில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் 10,000 அடிக்குக் கீழேயே, சக்கரங்களை உள்ளே இழுக்காமல், மெதுவாகப் போக வேண்டும் என்பது நிபந்தனை. எட்டே கால் மணி வாக்கில் வால்பகுதி ஒரு தூக்குத் தூக்கியது. ரீனோவில் இறங்கியபோது பின்படி தொங்கிக்கொண்டிருந்தது, ஆளும் பணமும் இல்லை. டி.பி. கூப்பர் என்ற பெயரை அவர் எங்கேயும் சொல்லவே இல்லை. செய்தியாளர்களின் குழப்பத்தில் பிறந்து நிலைத்துவிட்ட பெயர் அது.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில், "யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் நடத்திய காரியம்" என்று கொஞ்சம் வியப்போடு எழுதியிருக்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 22 வயதுப் பணிப்பெண் ஒருவர் மணிக்கணக்காக அந்த ஆளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர் கேட்டபோதெல்லாம் சிகரெட்டுக்கு நெருப்புப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில், குண்டு இருப்பதாக அவர் சொன்ன பெட்டி. அது நிஜக் குண்டா பொம்மையா என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கூப்பர் கதை சொல்லும்போது எல்லோரும் அவருடைய துணிச்சலைப் பேசுகிறார்கள், அந்தப் பெண்ணின் துணிச்சலை யாரும் பேசுவதில்லை. சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பை யாருடையது?

உயிரோடு இருக்கும்போது ஒருவர் மனமறிந்து கொடுத்து, பொருளும் கைமாறிவிட்டால் அது சட்டப்படி அன்பளிப்புதான். அந்த வகையில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சிக்கல், அதை நிரூபிப்பதில். அவர் கொடுத்தார் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. இறந்துபோனவரோடு நடந்த பேச்சைப் பற்றி, அதனால் லாபமடையக்கூடியவரே வந்து சாட்சி சொல்வதைத் தடுக்கிற சட்டம் வாஷிங்டன் மாநிலத்தில் உண்டு. போதாக்குறைக்கு, மகன் நேராகக் கேட்டபோது நீங்கள் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். நாளைக்கு இது வெளியே வந்தால், அன்பளிப்பு என்ற உங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? இறந்தவர் வீட்டுப் பொருளை எடுத்து ஒளித்துக்கொண்டவராகத்தான் உங்களைப் பார்ப்பார்கள். விசாவில் இருப்பவருக்குத் திருட்டுப் புகார் எவ்வளவு பெரிய தலைவலி என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கிரீன் கார்டுக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது எஃப்.பி.ஐ. பக்கமிருந்து வருவதைவிட இந்த "இல்லை" பக்கமிருந்து வருவதற்குத்தான் அதிக வாய்ப்பு.

ஃபோனில் இருக்கும் குரல்

இதை நீங்கள் ஒரு பொக்கிஷம் மாதிரி குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்குப் படித்ததும் கவலைதான் வந்தது. தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய, பேசுகிற எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று சொல்லும் மாநிலங்களில் வாஷிங்டனும் ஒன்று. அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தது அங்கே குற்றம், அந்தப் பதிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்பதும் கடினம். நண்பர் சொன்னபடி யூடியூபில் ஏற்றினால், உங்கள் மேல் நீங்களே எழுதிக் கொடுத்த புகார் ஆகிவிடும். அதற்காக இப்போதே அழித்துவிடவும் கூடாது. கூட்டாட்சி விசாரணைக்கு இடைஞ்சல் செய்யும் நோக்கத்தில் ஆதாரத்தை அழித்தால் 20 வருஷம் வரை சிறை என்று ஒரு சட்டம் இருக்கிறது, பையை எரிக்கச் சொல்லும் உங்கள் மனைவியிடமும் இதைச் சொல்லுங்கள். பதிவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள், அனுப்பாதீர்கள். வாஷிங்டனில் உரிமம் பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் போய், அவரிடம் மட்டும் சொல்லுங்கள். அவரிடம் பேசுவது உங்கள் இருவருக்குள் நிற்கும், எனக்கு எழுதிய கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

காலாவதி, வெகுமதி

ஐம்பது வருஷம் ஆனதால் வழக்கு செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள். விமானக் கடத்தலுக்குக் காலவரம்பு உண்டா என்ற விவாதம் அப்போதே வந்தது. ஐந்து வருஷம் முடியும் தறுவாயில், 1976 நவம்பரில், போர்ட்லாந்தில் பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி, வழக்குத் தொடர ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) ஒன்று, டேன் கூப்பர் என்ற பெயரில் பயணம் செய்த அடையாளம் தெரியாத ஆள் மேல் குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டது. அதனால் காலவரம்பு அந்த ஆளுக்குக் கைகொடுக்காது. எஃப்.பி.ஐ. 2016 ஜூலையில் நிறுத்தியது மும்முரமான விசாரணையைத்தான். பாராசூட்டோ பணமோ சம்பந்தப்பட்ட பொருள் ஏதாவது கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்று அப்போதே சொல்லி வைத்திருக்கிறது. ஆனால் இறந்துபோனவர் மேல் யாரும் வழக்கு நடத்தப் போவதில்லை. பெரியவருக்கு இனி ஒன்றும் ஆகாது.

உங்களுக்கு? தெரிந்த குற்றத்தைச் சொல்லாமல் சும்மா இருப்பது மட்டுமே பொதுவாக அமெரிக்காவில் குற்றமாகாது, மறைக்க நீங்களாக ஏதாவது செய்தால்தான் குற்றம். எஃப்.பி.ஐ. அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து வருஷம் வரை சிறை. அதனால்தான் வழக்கறிஞர் இல்லாமல் தனியாகப் போய்ப் பேச வேண்டாம் என்கிறேன். பதற்றத்தில் உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது "இல்லை" என்பதைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே.

வெகுமதியை மறந்துவிடுங்கள். மீட்ட பணத்தில் 15 சதவீதம், அதிகபட்சம் 25,000 டாலர் என்று விமான நிறுவனம் அறிவித்தது அந்தக் காலம். கூப்பருக்குக் கொடுத்த நோட்டுகளின் வரிசை எண்களைப் பிரசுரித்து, அதில் ஒன்றைக் கொண்டுவந்தால் 5,000 டாலர் வரை தருவதாகச் சொன்ன பத்திரிகைகளும் 1974-உடன் நிறுத்திக்கொண்டன.

அவர்தான் கூப்பரா?

உங்கள் கடிதத்தில் பாதி இதுதான். ஆறு வருஷம் வேலியோரம் நின்று பேசிய மனிதர் யாரென்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? இருக்கும். ஆனால் ஒரு பேச்சு, ஒரு பை, எஃப்.பி.ஐ. வரைந்து வெளியிட்ட கூப்பர் முகப்படத்தோடு கொஞ்சம் ஜாடை, இந்த மூன்றை வைத்து முடிவுக்கு வந்த குடும்பங்கள் அமெரிக்கா முழுக்க இருக்கின்றன. முதல் ஐந்து வருஷத்திலேயே எஃப்.பி.ஐ. 800 பேருக்கு மேல் பரிசீலித்து, ஏறக்குறைய இரண்டு டஜன் பேர் தவிர எல்லோரையும் தள்ளிவிட்டது.

1995-இல் டுவேன் வெபர் என்பவர் மரணப் படுக்கையில் மனைவியிடம், தான்தான் டேன் கூப்பர் என்றார். அந்தப் பெயர் யாருடையது என்றே மனைவிக்கு அப்போது தெரியாது. பிறகு தேடத் தேட எல்லாமே பொருந்துகிற மாதிரி இருந்தது. கடைசியில், கூப்பர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன டையில் கிடைத்த அரைகுறை டிஎன்ஏவோடு வெபருடையது ஒத்துப்போகவில்லை. அந்த டையை வேறு யாராவதும் கட்டியிருக்கலாம் என்பதால் அதுவும் முழு முடிவில்லை, ஆனாலும் எஃப்.பி.ஐ. அவரை விட்டுவிட்டது. உயில் எழுதும் வேலையில் நானும் பல முதியவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி நாட்களில் சொல்வதெல்லாம் உண்மை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, பொய் என்றும் ஒதுக்க முடியாது. கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வாழ்க்கையையே கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வார்கள். சிலர் அடுத்தவர் கதைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

வயதையும் பாருங்கள். 2023-இல் 87 என்றால் 1971-இல் அவருக்கு 35 வயதுதான். நேரில் பார்த்தவர்கள் நாற்பதுகளின் நடுவில் இருக்கும் என்றார்கள். 1972 ஏப்ரலில் இதே முறையில் விமானம் கடத்தி, ஐந்து லட்சம் டாலரோடு யூட்டாவில் குதித்து மாட்டிக்கொண்ட ரிச்சர்ட் மெக்காய்தான் கூப்பர் என்று சொல்பவர்களுக்கும் இதே முட்டுக்கட்டை, அவருக்கு அப்போது 29 வயது.

குதித்தவர் பிழைத்திருக்கவே மாட்டார், அதனால் பெரியவர் சொன்னது பொய்யாகத்தான் இருக்கும் என்று உங்கள் நண்பர் அடித்துச் சொல்கிறாராம். அதுவும் அவ்வளவு எளிதில்லை. மழை, இருட்டு, காடு, காலில் சாதாரண ஷூ, எடுத்துப்போன துணைப் பாராசூட்டோ பயிற்சிக்காகத் தைத்து மூடிய டம்மி. இதையெல்லாம் வைத்துச் செத்துப்போனார் என்றுதான் பல அதிகாரிகள் நம்பினார்கள். ஆனால் 1972 ஜனவரியில் அவரைப் போலவே குதித்த இன்னொருவர், கவ்பாய் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கோட்டுகூட இல்லாமல், கொலராடோ பனியில் இறங்கி உயிரோடு பிடிபட்டார். அதே வருஷம் ஜூனில் இண்டியானாவுக்கு மேலே குதித்தவர் பிழைத்துக்கொண்டார், பணப்பை மட்டும் வழியிலேயே கைநழுவி எங்கோ வயலில் விழுந்தது. ஆளும் பணமும் ஒரே இடத்தில்தான் விழுந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்து டீனா பார் மணல்திட்டை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1980 பிப்ரவரியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் நெருப்பு மூட்டுவதற்காக மணலை ஒதுக்கியபோது மூன்று கட்டு நோட்டுகள் வந்தன. ஓரமெல்லாம் அரித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போய், சுற்றிய ரப்பர் பேண்டு மட்டும் அப்படியே. 290 நோட்டு, 5,800 டாலர். வரிசை எண்கள் சரியாகப் பொருந்தின. பணம் ஆற்றோடு அடித்து வந்தது என்று முதலில் நினைத்தார்கள். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நோட்டுகளில் ஒட்டியிருந்த நுண்பாசிகளைப் பார்த்து, அவை தண்ணீரில் நனைந்தது நவம்பரில் அல்ல, சில மாதம் கழித்து என்றது. அப்படியானால் நடுவில் எங்கே இருந்தன? இன்றுவரை பதில் இல்லை. மிச்சம் 9,710 நோட்டில் ஒன்றுகூட எங்கேயும் தலைகாட்டவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் உறையில் இருக்கும் ஆறு நோட்டு இந்தக் குரல்பதிவைவிட ஆயிரம் மடங்கு பேசும். கொடுத்த 10,000 நோட்டின் எண்களும் பதிவில் இருக்கின்றன, 1972-லேயே பொதுமக்களுக்கும் வெளியிட்டார்கள், இன்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு வருஷமாகப் பயந்து அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் இருக்கிறீர்கள். ஒன்று பொருந்தினாலும் அது உங்கள் சொத்து ஆகாது. விமான நிறுவனத்துக்கு 1,80,000 டாலரைக் காப்பீட்டுக்காரர்கள் கொடுக்க வேண்டி வந்தது, ஆகவே உரிமை கோர ஆள் இருக்கிறது. அந்தப் பையனுக்கே ஆறு வருஷம் கழித்து, 1986-இல், காப்பீட்டு நிறுவனத்தோடு பாதிப் பாதி என்று பிரித்த பிறகுதான் பங்கு கிடைத்தது. பொருந்தாவிட்டால் அது வெறும் 120 டாலர்.

பாராசூட்டுக்கும் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. 2008-இல் ஆம்பாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் குழந்தைகள் மண்ணிலிருந்து ஒரு பாராசூட்டை இழுத்தெடுத்தபோது ஊரே பரபரத்தது. அன்றைக்குக் கூப்பருக்குப் போன பாராசூட்டுகளை மடித்துக் கொடுத்தவர் வந்து பார்த்தார். இது பட்டு, நான் கொடுத்தது நைலான் என்று சொல்லிவிட்டார். உங்களிடம் இருப்பது பட்டாக இருந்தால் கதை அங்கேயே முடிகிறது. நைலானாக இருந்தாலும், படையில் இருந்தவர்கள் வீட்டில் பாராசூட் கிடப்பது அதிசயமில்லை. மடித்துக் கட்டிய தேதி எழுதிய அட்டை ஏதாவது பைக்குள் செருகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் உருவி எடுக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என்ன செய்யலாம்

முதலில் வழக்கறிஞர். அவரிடம் பை, பதிவு, மகனிடம் சொன்ன பொய், மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நோட்டு எண்களை அவர் முன்னிலையில் ஒப்பிடுங்கள். பொருந்தினால் எஃப்.பி.ஐ.யிடம் அவர் மூலமாகவே பொருள் போகட்டும், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், மகனுக்கும் சொல்லிவிடுங்கள். பொருந்தாவிட்டால் பை நேராக மகனுக்கு. எஃப்.பி.ஐ.யிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும், அது அவருடைய அப்பாவின் பெயர். இறந்தவரை அவதூறு செய்ததாக அமெரிக்காவில் வழக்குப் போட முடியாதுதான், அதனால் யூடியூபில் பெயரைச் சொன்னால் சட்டம் உங்களை ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் அந்த மகன் மிச்ச வாழ்க்கை முழுக்க கடத்தல்காரன் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் நிரூபணமாகாத ஒன்றுக்காக.

மகனைக் கூப்பிடுவதற்கு முன்னால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் நாளைக் கடத்தாதீர்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "உங்கள் அப்பா கடைசி மாதங்களில் எனக்கு ஒரு பை கொடுத்தார். நீங்கள் கேட்டபோது பயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன், தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள், பை பத்திரமாக இருக்கிறது" என்று இவ்வளவு சொன்னால் போதும். கூப்பர் பெயரை அந்த முதல் அழைப்பில் எடுக்க வேண்டாம். அவர் முதலில் கேட்கப் போவது அப்பா கடைசியில் எப்படி இருந்தார், சாப்பிட்டாரா, வலி இருந்ததா என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அதுவரை பையைக் கராஜில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். பெரிய காகிதப் பையில் போட்டு, வீட்டுக்குள்ளேயே காய்ந்த அலமாரியில், குழந்தைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். துணியைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம்.